‘ஆல் பாஸ்’ பிள்ளைகளின் சொல்லப்படாத துக்கம்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகனை 2021 அக்டோபரில் மனநல ஆலோசனைக்காக என்னிடம் அழைத்து வந்தார்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தும் அவன் போக மறுத்தான். “பரீட்சையே எழுதாம பாஸாயிட்டானுங்க மேடம், இன்னும் இவனுக்கு என்னங்க கொறை?” என்று தாய் கேட்டார். பையன் வெகுநேரம் கழித்து ஒன்றைத்தான் சொன்னான்: “பத்தாவது முடிஞ்ச மாதிரியே இல்லீங்க.”

அவன் சொன்னது உண்மை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்ததே 2021 ஜனவரி 19 அன்றுதான். பிப்ரவரி 25 அன்று தேர்வின்றித் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே பள்ளி மீண்டும் மூடப்பட்டது. சான்றிதழில்கூட மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்ற சொல் மட்டுமே இருந்தது. சென்னிமலை முருகனிடம் பேனாவை வைத்துக் கும்பிடுவதும், கடைசி நாளில் சட்டையில் கையெழுத்து வாங்குவதும் நமக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், ஒரு பருவம் முடிந்துவிட்டது என்று பிள்ளையின் மனம் ஏற்றுக்கொள்வது இத்தகைய சடங்குகளின் வழியாகத்தான். இழப்பென்று எவரும் ஒப்புக்கொள்ளாத இழப்புக்கு அழுவதற்கும் இடமில்லை; அதன் மேல் ‘ஆல் பாஸ்’ என்ற கேலி வேறு.

இடைப்பட்ட மாதங்களில் அவன் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போயிருந்தான். சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பழகியவனுக்கு மீண்டும் பெஞ்சில் உட்காருவது சிறுமையாக இருந்தது. இதைச் சோம்பல் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெண் பிள்ளைகளின் நிலை வேறு: வீட்டு வேலைக்கும் உறவினர் கண்காணிப்புக்கும் அப்பால் அவர்களுக்கு இருந்த ஒரே வெளி பள்ளிக்கூடம்தான்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. காலை மணியும் இல்லாதபோது விடியற்காலை மூன்று மணிக்கு உறங்குவது வழக்கமாகிவிடுகிறது. ஆகவே, படுக்கும் நேரத்துக்காகச் சண்டையிடாமல் எழும் நேரத்தை நிலைப்படுத்தி, காலை வெயிலில் சிறிது நடக்க வைக்கச் சொன்னேன். கைபேசியை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம் என்றும் சொன்னேன். வகுப்பு மட்டுமல்ல, நட்பும் அதற்குள்தான் இருந்தது.

தந்தை கேலியை நிறுத்தினார். பையன் நண்பர்கள் நால்வரோடு சென்னிமலைப் படியேறி, சிறுத்துப்போன பத்தாம் வகுப்புச் சட்டையில் தாமதமாகக் கையெழுத்து வாங்கினான். பிறகும் பள்ளிக்கு ஒழுங்காகப் போக இரண்டு மாதம் பிடித்தது.

அப்படித் தேர்வின்றித் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுள் சிலர், கல்லூரித் தேர்வறையில் கை நடுங்குகிறது என்று பின்னாளிலும் வந்தார்கள். உறக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலோ, பிள்ளை யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ மனநல ஆலோசனை பெறுங்கள். சாவைப் பற்றிய பேச்சு ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் கட்டணமில்லாதவை. வீட்டில் சொல்லத் தயங்கும் பிள்ளை தானே அழைத்துப் பேசலாம்.