பழைய இழைப்பு மெஷினுக்கு என்ன விலை குடுக்கலாம்? பலகையில விழுற வரிய எண்ணிப் பாருங்க

போன வருஷம் பல்லடம் பக்கம் ஒரு பட்டறைய மூடுறாங்க, 12 இஞ்ச் இழைப்பு மெஷின் விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டு நானும் எங்க மாமாவும் போனோம். மாமா 30 வருஷமா மரவேலை பாக்குறவர். போனதும் நான் "எத்தன வருஷம் ஆச்சுங்க?"ன்னு கேட்டுட்டேன், மாமா என்னைய தனியா கூட்டிட்டுப் போயி "வயசக் கேக்காத மாப்ள, இதுல எத மாத்த முடியாதுன்னு பாரு"ன்னார்.

அதுதான் மொத்த விஷயமும். பெல்ட், பேரிங், பிளேடு, ஸ்டார்ட்டர், மோட்டார் எல்லாம் கடையில கிடைக்கும், கெட்டுப்போயிருந்தா அதோட காச கழிச்சுக்கிட்டா முடிஞ்சது. வார்ப்பு இரும்புல செஞ்ச பெட்டும் (பலகைய வச்சுத் தள்ளுற மேசை), பிளேடு மாட்டி சுத்துற கட்டர் பிளாக்கும் அப்படி இல்ல, அது போச்சுன்னா மெஷினே போச்சு.

வார்ப்பு இரும்புக்குள்ள கிராஃபைட் செதில் செதிலா கலந்திருக்கும், மெஷின் அதிரும்போது அந்த அதிர்வு வெளிய போகாம உள்ளயே உராய்ஞ்சு கொஞ்சூண்டு சூடா மாறி அடங்கிடும், அதனாலதான் தகடு வெல்ட் பண்ண லேசான பாடி மெஷின் கத்துற மாதிரி இது கத்தாது. இன்னொன்னும் இருக்கு. வார்க்கும்போது மெல்லிசான பக்கம் சீக்கிரம் ஆறும், தடிப்பான பக்கம் மெதுவா ஆறும், அந்த இழுப்பு உள்ளயே தங்கிடும். சரியா பதப்படுத்தாத புது வார்ப்புல அது போகப்போக தளர்ந்து பெட் லேசா வளையலாம். பழைய மெஷின் வளைய வேண்டியத எப்பவோ வளைஞ்சு முடிச்சிருக்கும், இன்னைக்கு நேரா இருந்தா பெரும்பாலும் இனியும் நேராவே நிக்கும். அதனால வயசு இங்க குறையே இல்லைங்க.

புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா மட்டும் உஷாரா இருங்க, விரிசல மறைச்சிருக்கலாம். மண்பானைய சுண்டிப் பாத்து வாங்குவோம்ல, அதே மாதிரி சின்ன சுத்தியலால பல இடத்துல தட்டிப் பாக்கணும், ஒரு இடத்துல மட்டும் சத்தம் செத்துப்போயி வந்தா அங்க விரிசல் இருக்கலாம், ரெண்டு விளிம்பும் ஒன்னோட ஒன்னு உரசி சத்தத்த தின்னுடும்.

இப்ப முக்கியமான சோதனைக்கு வரேன். காஞ்ச பலகை ஒன்னு கையோட கொண்டு போங்க, 3 அடி போதும். அத இழைச்சுட்டு டார்ச்ச பலகையோட ஒட்டின மாதிரி சாய்ச்சுப் பிடிச்சா குறுக்கால வரி வரியா தெரியும். பிளேடு வெட்டுற ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வரி. கட்டர் பிளாக் நிமிஷத்துக்கு 4500 தடவ சுத்துதுன்னு வைங்க, 3 பிளேடுன்னா செகண்டுக்கு 225 வெட்டு. நாம செகண்டுக்கு 10 செ.மீ. தள்ளினா வெட்டுக்கு வெட்டு 0.44 மி.மீ., அதாவது ஒரு அங்குலத்துல 57 வரி கிட்ட வரணும். 19 தான் இருக்குன்னா 3 பிளேடுல ஒன்னுதான் நீட்டிக்கிட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம். இடைவெளி 3 மடங்கு ஆனா வரியோட ஆழம் 9 மடங்கு ஆகும், அதான் கைக்கே சொரசொரன்னு படுது.

ஆனா அதுக்காக விலைய குறைக்கக் கூடாது, பிளேடு செட் பண்றது அரை மணி நேர வேலை. செட் பண்ண பிறகும் அதே 19 வந்தாத்தான் கவலைப்படணும், அப்ப பிளாக்கே மையம் விலகி சுத்துது, ஷாஃப்ட் வளைஞ்சிருக்கும் இல்லன்னா பேரிங் உக்கார்ற இடம் தேஞ்சிருக்கும். வரியே ஒழுங்கில்லாம கண்டபடி இருந்தா மொதல்ல பேரிங்க சந்தேகப்படுங்க, அது சின்ன செலவு.

கட்டர் பிளாக் உருண்டையா இல்லாம சதுரமா இருந்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க. பெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல பெரிய சந்து விழும், விரல் உள்ள போயிடும். பிரிட்டன்ல கையால தள்ளுற மெஷின்ல உருண்டை பிளாக்தான் இருக்கணும்னு 1922லயே விதி போட்டுட்டாங்க.

அடுத்து மோட்டார். த்ரீ ஃபேஸ்னா கிளாம்ப் மீட்டர (வயர சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்குற மீட்டர்) வச்சு மூணு வயர்லயும் ஆம்பியர் பாருங்க, கிட்டத்தட்ட ஒன்னா இருக்கணும். ஒன்னு மட்டும் ரொம்ப விலகி இருந்தா மொதல்ல லைன்ல வோல்டேஜ் சரியா வருதான்னு பாத்துட்டு அப்புறம் மோட்டாருக்குள்ள இருக்குற கம்பிச்சுத்த, அதாவது வைண்டிங்க சந்தேகப்படலாம். 10 டிகிரி சூடு கூடினா வைண்டிங் இன்சுலேஷனோட ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு, அதனால ஃபேன் மூடியில மரத்தூள் அடைச்சுக் கிடந்த மோட்டார நான் நம்பவே மாட்டேன். உங்க வீட்டுல சிங்கிள் ஃபேஸ்னா மோட்டார மாத்துற செலவையோ, சிங்கிள் ஃபேஸ த்ரீ ஃபேஸா மாத்திக் குடுக்குற டிரைவ் செலவையோ கழிச்சுடுங்க.

விலை கணக்கு இப்படித்தான் போடுவேன், தொகை எல்லாம் உதாரணத்துக்கு. அதே அளவு புது மெஷின் இன்னைக்கு 90,000 (அவங்க அன்னைக்கு வாங்கின விலை நமக்கு எதுக்கு). அதுல மோட்டார் 15,000, ஸ்டார்ட்டர் பெல்ட் பிளேடு 5,000 போக இரும்புக்கு 70,000. இரும்பு நல்லா இருந்தா அதுல பாதிக்கு மேல, ஒரு 40,000 குடுக்கலாம், வாரன்ட்டி இல்லாம வாங்குறோம்ல. ஓடுற மோட்டாருக்கு 7,000 கூட்டி, பேரிங் கூலியோட 2,000, ஏத்தி இறக்க 4,000 கழிச்சா 41,000. இரும்பே கெட்டிருந்தா காயலான் கடை விலைதான், 300 கிலோ, கிலோ 35னா 10,500, மோட்டார் தனி.

பல்லடத்துல பட்டறைக்காரப் பெரியவர் "ஷாஃப்ட் போச்சுங்க தம்பி, 20,000 குடுத்துட்டு தூக்கிட்டுப் போங்க"ன்னார். பலகையில எண்ணினேன், 18 வரி. மாமா சைகை காட்டி மெயின ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, ஸ்பேனர் கேட்டு வாங்கி, மரக்கட்டைய பெட்டு மேல வச்சு மூணு பிளேடையும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வந்தார். திரும்ப இழைச்சா 50க்கு மேல. பெரியவர் அந்த பலகைய ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தார். மாமா 20,000த்துக்கு எடுக்கல, 40,000 குடுத்தார்.