பிரவுசரில் திறக்கும் தளம் ஜாவாவில் ஏன் உடைகிறது?

தரமணியில் ஓர் அலுவலகம் தன் சர்வரில், தளம் அசல்தான் என்று காட்டும் புதிய டிஜிட்டல் சான்றிதழைப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குரோமில் தளம் ஒழுங்காகத் திறக்கிறது. அதே முகவரியை அழைக்கும் ஜாவா நிரலோ 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு', அதாவது நம்பகமான மூலம் வரை சான்றிதழ் சங்கிலியைக் கட்ட முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. குறியாக்கக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். யாரை நம்புவது, அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு மென்பொருளும் தனி வழியில் போகிறது.

தளத்தின் சான்றிதழில் இடைநிலைச் சான்றிதழ் கையெழுத்திடுகிறது; இடைநிலையில் மூலச் சான்றிதழ் கையெழுத்திடுகிறது. இதுதான் சங்கிலி. பயனரின் கணினியில் பொதுவாக முன்கூட்டியே இருப்பது மூலம் மட்டுமே. இடைநிலையை சர்வர்தான் அனுப்ப வேண்டும். அது விடுபட்டால், சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் குரோம் தானே இறக்கிக்கொள்ளும். ஃபயர்பாக்ஸ் பல இடைநிலைகளை முன்பே சேர்த்து வைத்திருக்கிறது. ஜாவாவும் பைத்தானும் வழக்கமாக இந்த இரண்டையும் செய்வதில்லை. அதனால் பிரவுசரில் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து திருப்தி அடைவது சோதனையே ஆகாது. சான்றிதழ்களைக் கையாளும் கருவியான ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை 'ஷோசர்ட்ஸ்' சேர்த்து ஓட்டுங்கள். ஒரே ஒரு சான்றிதழ் வந்தால் கோளாறு அங்கேதான். சர்வரில் சான்றிதழ்களை அடுக்கி வைக்கும் பெம் கோப்பில் முதலில் தளத்தின் சான்றிதழ், அதன் கீழே இடைநிலை, மூலம் வேண்டாம். சிலர் இடைநிலையை ஜாவா நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் 'கேசர்ட்ஸ்' கோப்பில் திணித்துச் சமாளிப்பார்கள். இடைநிலை மாறும் நாளில் அது மறுபடி உடையும். சரிபார்ப்பையே அணைப்பது அதைவிட ஆபத்து: தகவல் குறியாக்கத்துடன்தான் போகும், யாரிடம் போகிறது என்பது மட்டும் தெரியாது.

ஒவ்வொரு மென்பொருளும் நம்பும் மூலங்களின் பட்டியல்களும் ஒன்றல்ல. 2014 ஜூலையில் நம் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரியவந்தது. இந்திய அரசின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் அவற்றை நம்பும் நிலை. தனிப் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸுக்கு அந்த ஆபத்து இல்லை.

விண்டோஸுக்குக் கொண்டுபோக, சான்றிதழுக்குரிய ரகசியச் சாவியையும் சங்கிலியையும் ஒரே பிஎஃப்எக்ஸ் கோப்பாகக் கட்டுவார்கள். ஓபன்எஸ்எஸ்எல் 3 இதை ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டுகிறது. விண்டோஸ் சர்வர் 2016 அதைப் படிக்கத் தெரியாமல் 'கடவுச்சொல் தவறு' என்கிறது. எத்தனை முறை தட்டச்சு செய்தாலும் பயனில்லை. ஏற்றுமதி செய்யும்போதே 'லெகசி' தெரிவைச் சேர்க்க வேண்டும். அந்தத் தெரிவு போடும் பழைய பூட்டு வலுவற்றது. நிறுவி முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

சான்றிதழின் காலாவதி நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். 23:59:59க்கு முடியும் சான்றிதழ் சென்னையில் மறுநாள் அதிகாலை 5:29:59 வரை ஓடும். 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்த உச்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பித்துக் கட்டுபடியாகாது. தானியங்கியாக்கும்போது கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள்: கோப்பு மாறினாலும் என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள் பழைய சான்றிதழையே நினைவகத்தில் வைத்திருக்கும். ரீலோட் செய்து, வேறொரு கணினியிலிருந்து எஸ்_கிளையன்ட் சோதனையை மறுபடி ஓட்டி, புதிய தேதி வருகிறதா என்று பாருங்கள்.