போட்டோ மேல வட்டம் போட்டா உள்ள என்ன நடக்குது?

வெப் ஆப்ல ஒரு போட்டோவ ஓபன் பண்ணி அதுல வட்டம் போட்டு குறிப்பு எழுதுறோம், பாக்க போட்டோ மேலயே வரைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா ஒழுங்கா கட்டின ஆப்ல போட்டோவ யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க. அது கீழ அப்படியே கிடக்கும், மேல கண்ணாடித்தாள் விரிச்ச மாதிரி தனி லேயர், வட்டம் அதுலதான்.

இந்த லேயர எஸ்விஜில (வட்டம், கோடுன்னு வடிவங்கள எழுத்துல விவரிக்கிற பட வடிவம்) பண்ணா ஒவ்வொரு வட்டத்தையும் பிரவுசரே தனித்தனியா ஞாபகம் வச்சுக்கும், எதுமேல க்ளிக் விழுந்துச்சுன்னும் சொல்லிடும். கேன்வாஸ், அதாவது வெப் பேஜ்ல வரையறதுக்கான வெறும் பலகை, அப்படி இல்ல, வரைஞ்சதோட மறந்துடும், மிச்சம் வெறும் பிக்சல்தான், அதாவது நிறப் புள்ளிகள்தான், எது எங்க இருக்குன்னு நாமதான் கணக்கு வச்சுக்கணும். அம்பு, பெட்டி, குறிப்புக்கெல்லாம் எஸ்விஜியே போதும்ங்கிறது என் கருத்து. ப்ரைட்னஸ் மாதிரி பிக்சலயே மாத்துற வேலைக்கு கேன்வாஸ்.

நிறைய பேர் இடறுறது கோஆர்டினேட்லதான், அதாவது ஒரு இடத்த காட்டுற நம்பர்கள்ல. 4000 × 3000 பிக்சல் போட்டோ ஸ்க்ரீன்ல 800 × 600 அளவுல தெரியுதுன்னு வைங்க, யூசர் க்ளிக் பண்ணது 100, 80ல, ஆனா போட்டோல அந்த இடம் 500, 400. ஸ்க்ரீன் நம்பர அப்படியே சேவ் பண்ணிட்டா மொபைல்ல திறக்கும்போது வட்டம் வேற எங்கயோ போய் நிக்கும். அதனால போட்டோவோட அகலம் உயரத்துல எத்தன பங்குன்னு, 0.125, 0.133ன்னு சேவ் பண்றது நல்லது, எந்த ஸ்க்ரீன்லயும் அதே இடத்துல உக்காரும்.

அன்டூவும் குறிகள் தனி லேயர்ல இருக்குறதாலதான் லேசா நடக்குது. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முழு போட்டோவையும் காப்பி எடுத்து வச்சா பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு காப்பிக்கே 48 எம்பி மெமரி போயிடும், பத்து ஸ்டெப்ல பிரவுசர் திணறிடும். அதுக்கு பதிலா வட்டம் சேத்தோம், நகத்தினோம்னு செஞ்ச வேலைய மட்டும் எழுதி வச்சா சில நூறு பைட்லயே முடிஞ்சிடும்.

டவுன்லோட் பண்ணும்போதுதான் ரெண்டையும் ஒண்ணாக்கணும், முழு அளவு கேன்வாஸ்ல முதல்ல போட்டோ, அதுமேல குறிகள், அப்புறம் ஃபைல். போட்டோ வேற டொமைன்ல (வேற வெப்சைட் முகவரில) இருந்து வந்து அந்த சர்வர் அனுமதி குடுக்கலன்னா பிரவுசர் இங்க ஃபைல் எடுக்க விடாது.

ஒரு விஷயத்துல மட்டும் தனி லேயர நம்பவே கூடாது, மறைக்கிறதுல. முகத்து மேலயோ அக்கவுண்ட் நம்பர் மேலயோ போட்ட கறுப்புப் பெட்டி லேயர்ல மட்டும் இருந்தா, கீழ இருக்குற போட்டோ ஃபைல யார் வேணா எடுத்து பாத்துக்கலாம். 2023ல கூகுள் பிக்சல் போனோட மார்க்கப் டூல்ல வந்த பிரச்சனையும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான், கிராப் பண்ண படத்த பழைய ஃபைல் மேலயே எழுதிட்டு பழைய ஃபைலோட மீதி வால் பகுதிய வெட்டாம விட்டதால, வெட்டிட்டோம்னு நெனச்ச பகுதியில கொஞ்சத்த மீட்டெடுக்க முடிஞ்சது. அதனால மறைக்கிற பெட்டிய போட்டோவோட பிக்சலோட பிக்சலா கலந்து புது ஃபைலாவே எழுதணும், ஷேர் பண்ணும்போது மத்தவங்களுக்கு அந்த ஃபைல் மட்டும்தான் போகணும், ஒரிஜினலோட லிங்க் போகவே கூடாது.