ஆய்வு நிறுவனம் வரி போடுவதில்லை

"உங்கட ஆக்கள்தானே வற் வரியைக் கூட்டச் சொன்னது?" போன கிழமை தொலைபேசியில் ஒரு கடைக்கார ஐயா கோபமாகக் கேட்டார். அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்தது எங்கள் ஆய்வு நிறுவன அறிக்கையின் ஒரு பக்கம். "இந்த வரி விலக்குகள் நீக்கப்பட்டால்" என்ற மேல்வரியை யாரோ வெட்டிவிட்டார்கள். கீழே எண் மட்டும் மிச்சம். வரவு செலவுத் திட்டம் நெருங்கினாலே இதே கரைச்சல்தான்.

பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் எதுவும் வரி போடுவதில்லை. முடிவெடுப்பது அரசாங்கம், சட்டமாக்குவது நாடாளுமன்றம். 2019 டிசம்பரில் இலங்கையில் வற், அதாவது பெறுமதி சேர் வரி, 15இலிருந்து 8 வீதமானது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இதில் ஒன்றைக்கூட ஆய்வாளர் எவரும் தீர்மானிக்கவில்லை. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான ஐ.பி.எஸ். என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்துக்கே அந்த அதிகாரம் இல்லை. வெரிட்டே ரிசர்ச், அட்வகாட்டா போன்ற ஆய்வு நிறுவனங்கள் அரசுக்கு வெளியே இயங்குபவை. அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

சரி, பிறகு எதற்கு இவர்கள்? 2019 இறுதியில் வற்றோடு வருமான வரியையும் குறைத்தார்கள். வருடம் 30 இலட்சம் ரூபா வருமானம் வரை வரியில்லை என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். அரச வருமானம் விழுந்தது, கொரோனாவும் வந்தது, நாட்டின் கடன் தரப்படுத்தல் இறங்கியது, வெளியே கடன் எடுக்கும் வழி அடைபட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தோம். இழக்கப்போகும் வருமானம் எவ்வளவு, அதை எங்கே ஈடுசெய்வது என்ற கணக்கை முடிவுக்கு முன்பே மக்கள் முன் வைப்பதுதான் எங்கள் வேலை. முடிவெடுத்த பின் விடாமல் பின்தொடர்வதும்தான். 2023இல் சர்வதேச நாணய நிதியத்துக்கு அரசு கொடுத்த வாக்குறுதிகளில் எது நிறைவேறியது, எது இழுபடுகிறது என்று வெரிட்டே இணையத்தில் பட்டியலிட்டு வருகிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

அதற்காக நாங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். அட்வகாட்டா திறந்த சந்தையின் பக்கம் நிற்பதை மறைப்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள். எந்த அறிக்கையிலும் முதலில் காசு கொடுத்தது யார் என்று பாருங்கள். அப்புறம் எந்த ஆண்டுத் தரவு, என்னென்ன அனுமானங்கள் என்று பாருங்கள். இவற்றைச் சொல்லாத அறிக்கையை ஓரமாக வையுங்கள்.

நிருபர் தம்பி தங்கச்சிமாரே, தலைப்புக்கு எண்ணை எடுக்கும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்து எடுங்கள். இடம் போதாவிட்டால் எண்ணையே விட்டுவிடுங்கள். விளங்காவிட்டால் அச்சுக்குப் போகுமுன் ஒரு அழைப்பு எடுங்கள், இரவு பத்து மணியானாலும் பரவாயில்லை.