ரேஸ் டயர் ரோட்டுக்கு ஆகாது, தம்பி

இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது விபத்து.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன் வந்தது. சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் தாண்டி ஒரு வளைவில் பையன் விழுந்துவிட்டான். 390 சிசி பைக். ராத்திரி பெய்த மழை விட்டு, ரோடு பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் கிடந்த நேரம். "அண்ணா, நான் வேகமாவே போகல, நாப்பதுதான்" என்கிறான். நம்புகிறேன். பைக்கை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். ஹேண்டில்பார் முனை தேய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் ஃபேரிங் கிழிந்திருக்கிறது, கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறது. அவ்வளவுதான். நூறில் விழுந்த பைக் இப்படி இருக்காது. ஆனால் பையனுக்குக் காலர் எலும்பு முறிந்துவிட்டது, மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள்.

பின் டயரைப் பார்த்த உடனே விஷயம் புரிந்தது. ஸ்லிக், அதாவது ரேஸ் டயர். ஒரு கோடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, வழுவழுவென்று இருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன், பதியவில்லை. ஓரமெல்லாம் பழைய ட்ராக் ஓட்டத்தில் ரப்பர் உருண்டு திரண்டு காய்ந்து போயிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் இவன் ரோட்டில் ஓட்டிய நாலு மாதத்தில் தட்டையாகியிருக்கிறது. பக்கச்சுவரில் 'சாலையில் பயன்படுத்த அல்ல' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியே இருக்கிறது. நாலு மாதமாக ஒருவரும் அதைப் படிக்கவில்லை. வாங்கியவன் படிக்கவில்லை, மாட்டிக் கொடுத்த கடைக்காரரும் படிக்கவில்லை.

அவன் அம்மா ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். "சாதா டயரைவிட நல்ல டயரும்மா, ரேஸ்ல போடறதுன்னு சொன்னான். பிள்ளை பத்திரமா போகட்டும்னு நான்தான் காசு குடுத்தேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பத்திரத்துக்காகத்தான் அந்தம்மா காசு கொடுத்திருக்கிறார்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஸ்போர்ட்ஸ் பைக் வேலை பார்க்கிறேன், ட்ராக் டேவுக்கு (ரேஸ் ட்ராக்கில் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் நாள்) பைக் தயார் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வரும் பசங்களில் பாதிப் பேர் மனதில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ரேஸில் போடுவது உசத்தி. உசத்தியானதை ரோட்டுப் பைக்கில் போட்டால் பைக்கும் உசத்தியாகிவிடும், கூடவே பாதுகாப்பும் வரும். இது தப்பு. முழுத் தப்பு. ரேஸ் சாமான் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சூழ்நிலைக்காகச் செய்தது. அந்தச் சூழ்நிலை இல்லாத இடத்தில் அது சாதாச் சாமானைவிட மோசமாக வேலை செய்யும்.

டயரையே எடுத்துக்கொள்வோம். ரேஸ் ஸ்லிக்கை, ட்ராக் ஓரம் பைக் தயார் செய்யும் பிட்டில், டயர் வார்மர் என்ற மின்போர்வை சுற்றி, கரண்ட் போட்டு, ஏறக்குறைய 80 டிகிரி வரை ஒரு மணி நேரம் சூடேற்றித்தான் ட்ராக்குக்கு விடுவார்கள். அந்தச் சூட்டில்தான் ரப்பர் இளகித் தரையைப் பிடிக்கும். வெளியே போன பிறகும் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து, அழுத்தி, பலமாகப் பிரேக் பிடித்து ஓட்டினால்தான் அந்தச் சூடு நிற்கும். நீங்கள் திருவான்மியூர் சிக்னலில் நின்று, நாற்பதில் உருட்டி, டோலில் நின்று, மறுபடி ஐம்பதில் நேராகப் போனால் அந்த டயர் எப்போது சூடாகும்? ஆகவே ஆகாது. சூடாகாத ஸ்லிக் வெறும் கெட்டி ரப்பர். இந்தப் பையன் மெதுவாகப் போனதால்தான் விழுந்தான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் நடந்தது அதுதான். அந்த டயர் கேட்கிற வேகத்தை ஈசிஆர் தராது, தரவும் கூடாது.

அடுத்தது தண்ணீர். சாதா டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்கு இல்லை, தண்ணீரை ஒதுக்கி ரப்பரைத் தரையில் உட்கார வைப்பதற்கு. ஸ்லிக்கில் அந்த வழியே கிடையாது. ட்ராக்கில் மழை வந்தால் ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு மழை டயர் மாட்டுவார்கள். உலகத்திலேயே நன்றாக ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். நம் பையன் ஐப்பசி மாதத்தில் அதே ஸ்லிக்கோடு கல்லூரிக்குப் போகிறான்.

இதிலும் மோசமானது செகண்ட் ஹேண்ட். ட்ராக்கில் ஓட்டி முடித்துக் கழற்றிய டயரை ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்கிறார்கள். "ரப்பர் நிறைய இருக்குண்ணா" என்று வாங்கி வருகிறார்கள். ரப்பர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை, தம்பி. ரேஸ் ரப்பர் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகும். ரேஸ் ஓட்டுகிறவர் அந்த டயரைக் கழற்றியதே அது பிடிப்பை இழந்துவிட்டது என்பதால்தான். அவருக்கு ஆகாதது உங்களுக்கு எப்படி ஆகும்?

சரி, இனி பைக்குக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருவராவது "ரோட்டுக்கும் ஆகணும், ட்ராக்குக்கும் போகணும், டிராக் ரேஸும் இழுக்கணும், எந்த பைக் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே பைக் கிடையாது. மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்கின்றன.

டிராக் ரேஸ் (ஆங்கிலத்தில் drag; வளைவுகள் உள்ள ட்ராக் வேறு) என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோடு. அதில் பிரச்சினை ஒன்றுதான்: ஆக்சிலேட்டரை முறுக்கியதும் முன் சக்கரம் தூக்கக் கூடாது. அதனால் பைக் நீளமாக, தாழ்வாக இருப்பது அங்கே நல்லது. சுஸுகி ஹயபூசாவை டிராக் ரேஸ் ஆட்கள் கொண்டாடுவது சும்மா இல்லை. 1340 சிசி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1480 மில்லிமீட்டர். அதுவும் போதாமல் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீட்டுவார்கள், பைக்கை இறக்குவார்கள், முன் ஃபோர்க்கைப் பட்டை போட்டுக் கீழே இழுத்துக் கட்டிவிடுவார்கள். 402 மீட்டருக்கு அது சரிதான். அதே பைக்கை வேளச்சேரி ரோட்டில் கொண்டுவந்தால், கட்டிய ஃபோர்க் அசையாது, குழியில் முன் சக்கரம் துள்ளும், ஸ்பீட் பிரேக்கரில் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் உரசும். யூ டர்ன் எடுக்கவே மூன்று தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். நீட்டிய பைக் வளைவில் திரும்பச் சோம்பல் காட்டும்; எதிரே லாரி வரும்போது அந்தச் சோம்பல் போதும், ஆளை முடித்துவிடும்.

லேத் பட்டறையில் வெட்டி, துண்டு வைத்து வெல்டிங் அடித்த அலுமினிய ஸ்விங்ஆர்மோடு ஒரு பைக் போன வருடம் என்னிடம் வந்தது. வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். டார்ச் அடித்துக் காட்டினேன். அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் பழைய பலத்தோடு இருக்காது. ஓனர் அதில் மனைவியை உட்கார வைத்து மகாபலிபுரம் போய்வந்திருக்கிறார். பழைய ஸ்விங்ஆர்மைத் தேடிப்பிடித்து மாட்டிக் கொடுத்த பிறகுதான் வண்டியை வெளியே விட்டேன்.

ட்ராக் கேட்பது வேறு. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு ரவுண்டு 3.7 கிலோமீட்டர், கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி ஸ்பீட்வே 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இங்கெல்லாம் வளைவுதான் எல்லாம். பைக் குட்டையாக, லேசாக, சட்டென்று சாய்கிற மாதிரி இருக்க வேண்டும். யமஹா ஆர்15 வெறும் 155 சிசி, 18 குதிரைத்திறன்தான், ஆனால் சக்கர இடைவெளி 1325 மில்லிமீட்டர். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பைக்கை நான் சொல்ல மாட்டேன். முதல் ட்ராக் டேவுக்கு நேராக லிட்டர் பைக்கோடு (1000 சிசி) போகிறவன் ஆக்சிலேட்டரைப் பார்த்துப் பயப்படுவதிலேயே நாள் முழுவதையும் கழிப்பான்.

ட்ராக் பைக்கில் நாங்கள் செய்யும் மாற்றங்களைச் சொல்கிறேன், அதை ரோட்டில் நினைத்துப் பாருங்கள். சஸ்பென்ஷனை இறுக்குவோம், நம் ரோட்டுக் குழிகளில் அந்த டயர் பாதி நேரம் தரையிலேயே இருக்காது. ரேஸ் பிரேக் பேட் போடுவோம். சூடானால் அருமையாகப் பிடிக்கும், காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே வந்தால் பிடிக்காது. கண்ணாடியைக் கழற்றுவோம், ஹெட்லைட்டில் டேப் ஒட்டுவோம். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுவோம், விழுந்தால் ட்ராக்கில் வழுக்கல் வரக்கூடாது என்பதற்காக. வீடு திரும்பியதும் கூலன்ட் மாற்ற மறந்து, இரண்டு மாதம் தண்ணீரிலேயே ஓட்டி, வாட்டர் பம்ப் துருப்பிடித்து வந்த பைக்குகள் எத்தனையோ.

ரோடு கேட்பது இந்த இரண்டும் இல்லை. ரோட்டில் மணல் இருக்கும், தண்ணீர் லாரி ஒழுகியிருக்கும், நாய் குறுக்கே வரும், ராங் சைடில் ஆட்டோ வரும். ட்ராக்கில் எண்ணெய் கொட்டியிருந்தால் மஞ்சள் சிவப்புப் பட்டை போட்ட கொடியை ட்ராக் ஓரம் நிற்கும் மார்ஷல் காட்டுவார். கேளம்பாக்கத்தில் யார் காட்டுவார்கள்? ரோட்டுக்கு வேண்டியது நிமிர்ந்து உட்கார்ந்து தூரம் பார்க்கிற உட்காரும் நிலை, குளிர்ந்த நிலையிலும் பிடிக்கிற பிரேக், ஈரத்திலும் காய்ந்த தரையிலும் ஓரளவாவது நிற்கிற டயர், குழியை விழுங்குகிற சஸ்பென்ஷன், வேலை செய்கிற ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது).

கம்பெனிக்காரர்களுக்கே இது தெரியும். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் 2020 முதல் மழை, நகரம், ஸ்போர்ட், ட்ராக் என்று நான்கு மோடு (ஓட்டும் விதம்) கொடுத்தார்கள். மழை மோடில் 34 குதிரைத்திறனை ஏறக்குறைய 26-க்கு இறக்கிவிட்டார்கள். ஒரே பைக்கை நாலு இடத்துக்கு நாலு விதமாக மாற்ற வேண்டும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள்.

ஏபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலே எல்லாப் புது பைக்கிலும் அது கட்டாயம். அந்த ஃப்யூஸைக் கழற்றித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். முடியாது. காசு எவ்வளவு கொடுத்தாலும் முடியாது.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், ஒரு விநாடியில் கை லீவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-இல் போனால் நிற்க 35 மீட்டர் வேண்டும். 120-இல் போனால் 70 போதும் என்று நினைக்கிறார்கள். இல்லை, 100 மீட்டரைத் தாண்டும். லிட்டர் பைக் ஒன்று முதல் கியரிலேயே 140-ஐத் தாண்டிவிடும். ஓஎம்ஆரில் உங்களுக்கு முன்னால் 100 மீட்டர் காலியாக எப்போது பார்த்தீர்கள்?

ராத்திரி ரோட்டில் டிராக் ரேஸ் இழுக்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பைக்கை அனுமதியில்லாமல் மாற்றினால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பையன் கையில் சாவி கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை ஜெயிலும். சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் அந்த 402 மீட்டரின் கடைசியில் யார் வீட்டு ஆள் ரோட்டைக் கடக்கிறார் என்பதையாவது நினைத்துப் பாருங்கள்.

வேகம் பிடிக்கிறதா, ட்ராக்குக்குப் போங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அங்கேயும் அடிபடும், உயிரும் போயிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எதிரே வண்டி வராது, விழுந்தால் சறுக்கி நிற்க இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இன்ஜின் ஓடத் தயாராக நிற்கிறது, உள்ளே விடுவதற்கு முன் ஒருவர் உங்கள் பிரேக்கையும் போல்ட்டையும் தொட்டுப் பார்க்கிறார். ரஜினி கிருஷ்ணன் மாதிரி தேசிய சாம்பியன்களே கற்றுக்கொடுக்கிறார்கள். ஸ்லிக் வாங்குகிற காசில் ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். ரோட்டு டயரோடே போங்கள். முதல் ஐந்தாறு ட்ராக் டேவுக்கு அது தாராளமாகப் போதும். காற்றை மட்டும் அங்கே சொல்கிற அளவுக்குக் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் மறுபடி அடியுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பைக்கை ஸ்டாண்டில் போட்டு, இரண்டு டயரின் பக்கச்சுவரையும் துணியால் துடைத்துப் படியுங்கள். நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ரேஸுக்கு மட்டும் என்றோ, சாலைக்கு அல்ல என்றோ எங்காவது எழுதியிருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், சக்கரத்தைக் கழற்றி எடுத்துப் போங்கள். படிக்கத் தெரியவில்லை, புரியவில்லை என்றால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.