120 மைக்ரான் பை தமிழ்நாட்டில் செல்லுமா? கடைக்காரர்களுக்கான பிளாஸ்டிக் தடை விளக்கம்

‘இது 120 மைக்ரான், சட்டப்படி சரியான பை’ என்று மொத்த வியாபாரி சொல்வதை நம்பி கேரி பேக் வாங்கும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக்ரான் என்பது பையின் தடிமனை அளக்கும் அலகு. அந்தக் கணக்கு ஒன்றிய அரசின் விதியில் வருவது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை அது தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 2018 ஜூன் 25 தேதியிட்ட அரசாணை 84 இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. 14 வகைப் பொருள்களுக்குத் தடை, தடிமன் எவ்வளவு இருந்தாலும். ஆகவே இங்கே 120 மைக்ரான் கேரி பேக்கும் தடை செய்யப்பட்ட பொருள்தான்.

கேரி பேக், உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, கப், பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் மாட்டிக்கொள்வது வேறு இரண்டில்.

ஒன்று, பேப்பர் கப். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் தடைப் பட்டியலில் உண்டு. சந்தேகமிருந்தால் கப்பைக் கிழித்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். காகிதம் கூழாகிப் பிரிய, மெல்லிய சவ்வு ஒன்று தனியே உரிந்து வந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு.

இன்னொன்று, துணிப்பை போலவே தோன்றும் நான்-ஓவன் பை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணியில் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடும், ஓரத்தில் ஓர் இழையை உருவி எடுக்கலாம். நான்-ஓவனில் புள்ளி புள்ளியாக அழுத்திய அச்சுதான் தெரியும், இழை வராது. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிச் செய்தது அது.

பால், தயிர், எண்ணெய், மருந்து அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு உண்டு. நீங்கள் கட்டிக் கொடுக்கும் பைக்கு அந்த விலக்கு இல்லை.

அபராதம் கடையின் அளவைப் பொறுத்தது. சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, பிறகு 500. மளிகை, மருந்துக் கடைக்கு 1,000, 2,000, 5,000. ஜவுளிக் கடை, வணிக வளாகம் என்றால் 10,000, 15,000, 25,000. சேமித்து வைப்பதும் விற்பதும் தனிக் குற்றம். அது 25,000-இல் தொடங்கி மூன்றாம் முறை ஒரு லட்சம் வரை போகிறது. அதனால்தான் ‘பழைய ஸ்டாக் தீரட்டும்’ என்று பரணில் மூட்டை கட்டி வைப்பது பெரிய தவறு. உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

மாற்றத்தைக் கணக்கோடு தொடங்குங்கள். ஒரு வாரம், எந்தப் பொருளுக்கு எத்தனை பை போகிறது என்று எழுதி வையுங்கள். பாதிக்கும் மேல் ஒற்றைப் பொருளுக்காகக் கொடுத்ததாக இருந்தால் ஆச்சரியமில்லை. அதைக் கையிலேயே கொடுத்துவிடலாம். டீக்கடையில் ஒரு நாள் விற்பனைக்கு ஏற்ப கிளாஸ் வாங்கத் தேவையில்லை. நெரிசலான அரை மணி நேரத்தில் 40 டீ போனால் 60 கிளாஸ் போதும். கழுவ ஒரு கைதான் கூடுதலாக வேண்டும். அந்தக் கைக்கு ஏற்பாடு செய்யாத கடைகள்தான் ஒரே வாரத்தில் கப்புக்குத் திரும்புகின்றன.

ஓட்டல் பார்சலில் சிக்கல் சாம்பார்தான். இட்லி, பொங்கலுக்கு வாழை இலையோ மந்தாரை இலையோ போதும், குழம்பைத் தூக்குவாளியில்தான் தர முடியும். பாத்திரம் கொண்டு வருபவருக்கு ஓரிரு ரூபாய் குறைத்துப் பாருங்கள், வழக்கமாக வருபவர்கள் சீக்கிரமே பழகிவிடுவார்கள். எடை போட்டு விற்கும் கடையில் வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கியபின் பொருளைப் போடுங்கள். வாடிக்கையாளர் கண் முன்னே இதைச் செய்யாவிட்டால் சண்டை வரும்.

‘மக்கும் பை’ என்ற அச்சை மட்டும் நம்பாதீர்கள். தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் நகல் கேளுங்கள்; பில்லையும் கடையிலேயே வைத்திருங்கள். இவ்வகைப் பை மக்குவது ஏறத்தாழ 58 டிகிரி வெப்பமுள்ள உரக் கூடத்தில். சாக்கடையில் விழுந்தால் அதுவும் அடைக்கத்தான் செய்யும்.

2021 டிசம்பர் 23-இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் கீழ், பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. பிளாஸ்டிக்கை ஒழித்த வணிக நிறுவனங்களுக்கு மஞ்சப்பை விருதும் உண்டு: முதல் பரிசு 10 லட்சம் ரூபாய், அடுத்து 5 லட்சம், 3 லட்சம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகச் செல்கிறது. துணிப்பை வாங்கிய பில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அந்த ஒரு வாரக் கணக்கு நோட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தால் விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும்.