கவிழ்ந்த படகு தானாக நிமிர்வது எப்படி?

வாசகர் ஒருவர் சிறிய காணொளி ஒன்றை அனுப்பி, "இது உண்மையா, கிராபிக்ஸா?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளி நிறப் படகு ஒன்று மாடி வீட்டு உயர அலையில் பக்கவாட்டாக மாட்டிக்கொள்கிறது. அப்படியே புரண்டு, அடிப்பாகம் வானத்தைப் பார்க்கிறது. முடிந்தது என்று நாம் நினைக்கும்போதே தண்ணீர் வழிய வழிய நிமிர்கிறது. மேல்தளத்தில் இருந்தவர்கள் அதே இடத்தில் இருக்கிறார்கள், படகு தன் வழியில் போகிறது.

உண்மைதான். அது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 47 அடி மீட்புப் படகு. முதல் மாதிரி 1990இல் வந்தது. வருடக்கணக்காகச் சோதித்து, குறைகளைத் திருத்தி, 1997 வாக்கில்தான் தொடர் தயாரிப்புக்குப் போனார்கள். மொத்தம் 117 படகுகள் கட்டினார்கள். உடல் முழுக்க அலுமினியம், எடை சுமார் 18 டன், வேகம் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.), பணியாளர்கள் நான்கு பேர். 30 அடி உயரக் கடல் அலையையும், கரையோரம் உடைந்து விழும் 20 அடி அலையையும் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களுக்குக் கொடுத்த கணக்கு. அதையும் மீறிக் கவிழ்ந்தால் 10 வினாடிக்குள் தானாக நிமிர வேண்டும், நிமிர்ந்ததும் எல்லா இயந்திரங்களும் வேலை செய்ய வேண்டும்.

இத்தனை கடுமையான நிபந்தனை எதற்கு என்றால், இவை போகிற இடம் அப்படி. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களுக்கு நடுவே கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கிறது. ஆற்று நீர் வெளியே பாய, கடல் அலை எதிரே வர, முகத்துவார மணல்திட்டில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எதிர்நீரோட்டத்தில் அலை நெருங்கிச் செங்குத்தாகும், ஆழம் குறைந்ததும் உடைந்து விழும். 'பசிபிக்கின் கல்லறை' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். காவல்படையின் மீட்புப் படகுப் பயிற்சிப் பள்ளியை அந்த முகத்துவாரத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

சரி, படகு எப்படி நிமிர்கிறது?

பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் போதும். படகின் எடை அதன் ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழே இழுக்கிறது. விலக்கப்பட்ட நீர் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் செயல்படும் புள்ளி மிதப்பு மையம். படகு சாய்ந்தால் சாய்ந்த பக்கம் அதிகம் மூழ்கும், மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும், இரண்டு விசைகளும் சேர்ந்து படகைத் திருப்பி நிறுத்தும். எல்லாப் படகுக்கும் இது பொது. ஆனால் சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் அதே இரண்டு விசைகள் கட்சி மாறிப் படகைக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்த சாதாரணப் படகு, போட்ட பலகையைப் போல அப்படியே மிதக்கும். நிமிர்ந்த நிலை எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்த நிலையும் ஏறக்குறைய அவ்வளவு உறுதி. கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். புரண்டாலும் மூழ்காது, ஆனால் ஆட்கள்தான் திருப்ப வேண்டும்.

இந்த இடத்தில் பலர் தஞ்சாவூர் பொம்மையை உதாரணம் காட்டுவார்கள். அடியில் களிமண் கனம், எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். இதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய 36 அடி மீட்புப் படகின் அடியில் 2,000 பவுண்டு வெண்கலம் வைத்திருந்தார்கள். 1952 பிப்ரவரி 18 அன்று மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பெண்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தபோது, அப்படி ஒரு மரப்படகில் நான்கே பேர் போய் 32 பேரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆனால் பொம்மை சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நினைத்துப் பாருங்கள். குப்புறப் படுத்து நீந்தும்வரை சிரமமில்லை. மல்லாந்து படுக்கப் பார்த்தால் குடுக்கை விடாது. அது நமக்கு அடியில் போய்விடுகிறது, உள்ளே இருக்கும் காற்று மேலே வரத் துடிக்கிறது, நேராக வர வழியில்லாததால் நம்மைப் பக்கவாட்டில் புரட்டிவிட்டு மேலே வருகிறது. நாம் என்ன செய்தாலும் முதுகுதான் மேலே.

47 அடிப் படகின் மூடிய அறைதான் அந்தச் சுரைக்குடுக்கை. படகின் நடுவே உயரமாக, கதவும் கண்ணாடியும் நீர்புகாதபடி மூடிய அறை அது. நிமிர்ந்து போகும்போது அதன் வேலை மழையையும் அலையையும் தடுப்பது மட்டுமே. கவிழ்ந்ததும் தண்ணீருக்குள் அழுந்திய பெரிய காற்றுப் பையாக மாறிவிடுகிறது. அதே சமயம் இரண்டு டீசல் எஞ்சின்களும் எரிபொருளும் உச்சிக்குப் போய்விடுகின்றன. கனம் மேலே, காற்று கீழே. துல்லியமாக 180 டிகிரியில் இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் வரும், அப்போது மட்டும் திருப்பும் விசை பூஜ்ஜியம். ஆனால் அது பென்சிலைக் கூர்முனையில் நிறுத்துவது போன்ற சமநிலை. கொந்தளிக்கும் கடலில் அந்தப் பென்சில் எவ்வளவு நேரம் நிற்கும்? சற்றே சாய்ந்தாலும் காற்று ஒரு பக்கம் ஏறும், எஞ்சின் மறுபக்கம் இறங்கும், படகு சுழன்று நிமிரும். எந்த மோட்டாரும் எந்தப் பொத்தானும் இதற்குத் தேவையில்லை. வடிவமே வேலையைச் செய்கிறது.

இந்த எண்ணம் பிறந்த கதையிலும் ஒரு கிணறு வருகிறது. 1789இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் அருகே ஒரு கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே உடைந்து, பார்த்துக்கொண்டிருந்த மக்கள் கண் முன்னே மாலுமிகள் இறந்தார்கள். மீட்புப் படகு வடிவமைப்புக்கு இரண்டு கினி (அன்றைய ஆங்கிலேயத் தங்க நாணயம்) பரிசு அறிவித்தார்கள். வில்லியம் வூட்ஹேவ் என்பவர், தண்ணீரில் மிதந்த உடைந்த மரப் பாத்திரத் துண்டு ஒன்று எப்படிக் கவிழ்த்தாலும் நிமிர்வதைக் கிணற்றடியில் கவனித்தார் என்று சொல்வார்கள். அதை வைத்துத் தகரத்தில் மாதிரி செய்து காட்டினார். அவருக்குத் தர முன்வந்தது பாதிப் பரிசு, ஒரு கினி.

எல்லாம் காற்று உள்ளே இருக்கும்வரைதான். ஒரு கதவு திறந்திருந்தால் கணக்கே மாறிவிடும். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துத் தூக்கிப் பாருங்கள், லேசாகச் சாய்த்தால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். படகுக்குள் புகுந்த நீரும் அதையே செய்யும். அதனால்தான் இந்தப் படகுகளின் தளத்தில் ஏறும் அலை தானாகவே வெளியே வடிந்துவிடும்படி திறப்புகள் வைக்கிறார்கள்.

அப்புறம், படகு நிமிர்ந்தால் மட்டும் போதாது, ஆட்களும் அதில் இருக்க வேண்டும். இதற்கு முந்தைய வகை 44 அடி எஃகுப் படகு; அது நிமிர 30 வினாடி எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த கடலில் திடீரென மூழ்கியதும் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்த நிலையில் 30 வினாடி என்பது மிக நீளம். 1997 பிப்ரவரி 12 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் குவிலயூட் ஆற்று முகத்துவாரத்தில், ஆபத்திலிருந்த பாய்மரப் படகைத் தேடிப் போன 44 அடிப் படகு அலையில் திரும்பத் திரும்பப் புரண்டது. ஒவ்வொரு முறையும் அது நிமிர்ந்தது. ஆனால் நால்வரில் மூவர் கடலில் போய்விட்டார்கள். வாரால் படகோடு பிணைந்திருந்த ஒருவர் மட்டும் உயிரோடு கரை சேர்ந்தார். 47 அடிப் படகின் மேல்தளத்தில் நிற்பவர்கள் இடுப்பு வாரைப் படகின் வளையங்களில் மாட்டிக்கொண்டுதான் அலைக்குள் போகிறார்கள்.

கடலில் ஒருவர் போனால் விதி என்று சொல்லி முடித்துவிடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. 30 வினாடியை 10 ஆக்கியது யாருடைய விதியும் அல்ல. ஒரு மாதிரிப் படகைக் கிரேனில் வார் சுற்றிப் புரட்டி, கடலில் ஓட்டி, திருத்தி, மறுபடி ஓட்டிய வருடங்கள் அது. அந்த வருடங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது 'இன்னும் என்ன சோதனை' என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களின் உயிர் சார்ந்த ஆய்வில் அவசரப்படுத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே அடியில் நான்கைந்து பத்து ரூபாய் நாணயங்களை ஒட்டி, மூடியை டேப்பால் நீர்புகாமல் மூடுங்கள். வாளித் தண்ணீரில் கவிழ்த்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும், அடியில் கனம் இருந்தும். பிறகு மூடியின் மேல் நடுக்கோட்டில் இரண்டு டேபிள் டென்னிஸ் பந்துகளை ஒட்டிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், புரண்டு நிமிரும். அதே பந்துகளில் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி, கடைசியாக ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்.